மட்டக்கம்புச் செங்கோல்

நோர்வூட், மேல்பிரிவு லயம்
09.06.2024

வழி தெரிந்தவர்களுக்கும் வழிகாட்டும் மகாபண்டிதை, என் அக்காள் மகள் லோஜினிக்கு, உன் தாய்மாமன் மாயாண்டி கடும் கோபத்தோடு எழுதிக்கொள்வது.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் போனுக்குள் குடியிருக்கும் அம்மையாரே நம்பவில்லை. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி எனக்குப் பார்வை போன இந்த நாலு வருஷத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. ஆகவே கேள்.

பக்கத்து லயத்து வரிசைவீட்டு இராயப்பன், ஒரு காலத்தில் தோட்டத்து லொறி ஓட்டியவன், எனக்கு ஒரு வருஷம் பிந்திக் கண் போனவன் (கண் போனதிலும் நான்தான் அவனுக்கு மூத்தவன் என்பதை மறவாதே), போன புதன்கிழமை நீ கொடுத்த வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு தனியாக நோர்வூட் பஜாருக்குப் போய், கருவாடு வாங்கிக்கொண்டு, தனியாகத் திரும்பி வந்தான். கோழிகள் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்லினவாம். பஸ்கள் எல்லாம் மரியாதைக்கு எஞ்சினை நிறுத்தினவாம். அவன் கருவாட்டு வாசனை இன்னும் லயத்தை விட்டுப் போகவில்லை. அவன் பெருமை அதைவிடக் கூடுதலாக நாறுகிறது.

எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. ஒரே ஒரு கேள்விதான். அது யாருடைய பிரம்பு? பங்குனியில் நீ நுவரெலியாவிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த பிரம்பு. நான் அதில் இடுப்புச் சாரத்தைக் காயப்போட்டேன் என்பது உண்மைதான். ஒரே சாரம். அதுவும் ஈரம் குறைவான சாரம். அதற்காக என் பிரம்பை எடுத்து அவனிடம் கொடுத்ததும் போதாமல், அவனை "மாமா, மாமா" என்று வேறு கூப்பிட்டாயே, உனக்கு எத்தனை மாமா வேண்டும்?

எங்கிருந்து கேட்டேன் என்கிறாயா? நீ நம்பாத கதை இதுதான். வைகாசியில் நீ அவனுக்குப் பாடம் எடுத்த நாளெல்லாம் நான் உங்கள் பின்னாலேயே வந்தேன். ரோட்டுக்கு மேலே, தேயிலை நிரைக்குள்ளே, செடித் தலைகளைக் கையால் தடவிக்கொண்டு. நான் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிய மலையல்லவா, ஒவ்வொரு செடியும் எழுந்து "வாங்க மாயாண்டி அண்ணே" என்றது. என் இரத்தம் குடித்த அட்டைகள் மறுநாளே கவி பாடத் தொடங்கின. பாதி வழியில் ஒரு சிறுத்தை வந்தது. "தலைவரே, நீங்க முன்னுக்குப் போங்க" என்று ஒதுங்கி நின்றது. தண்ணீர் ஓடும் கானில் நான் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து அது வேட்டையையே விட்டுவிட்டு மரக்கறிக்கு மாறியது.

கடைசியாக ஒன்று. உனக்கு ஆவணியில் கலியாணமாமே. இதை எனக்குச் சொன்னது யார்? இராயப்பன்! மணவறைக்கு உன்னைக் கைபிடித்து அழைத்துப் போகவேண்டியவன் தாய்மாமன். அந்த வேலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டாயா?

பொறாமை துளியும் இல்லாத,
மாமா மாயாண்டி


நுவரெலியா
20.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திலக்ஷனுக்கும் வாசித்துக் காட்டினேன். என்னைக் கட்டப்போகிறவர் சிரித்து முடித்த பிறகு, "ஒங்க மாமா ரொம்பக் கோபமா இருக்காரு போல" என்றார். எனக்கும் கோபம் இருக்கிறது, மாமா. அதை ஒருவரும் கேட்பதில்லை.

பங்குனியில் நான் வந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? வருஷக்கணக்காக முன்பின் அறியாத கண்பார்வையற்றவர்களுக்கெல்லாம் தெருவில் நடக்கக் கற்றுக்கொடுத்தேன். முதன்முதலாக என் சொந்த மாமாவுக்குக் கற்றுக்கொடுக்க வந்தேன். லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் நிற்க, நீங்கள் பிரம்பை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "கொடி கட்ட நல்ல கம்பா கொண்டாந்திருக்கா எம் மருமக" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். இராயப்பன் மாமா மறுநாள் போன் எடுத்து, "அந்தக் கம்பு சும்மாதான் இருக்குன்னா எனக்குச் சொல்லிக் குடு புள்ள" என்றார். கேட்டவருக்குக் கொடுத்தேன்.

கலியாணச் செய்தி அவருக்கு முந்தியது தற்செயல். ஆவணியில் பாடம் எடுக்க வரமுடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

இனி எழுதக் கஷ்டமான விஷயம். அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "அவன் மணவறப் படியில தடுக்கி விழுந்தான்னா ஊரே பேசும்டி. ரெண்டு பேர் புடிச்சுக் கூட்டிட்டு வர்றவன் ஒன்னய எப்புடிக் கூட்டிட்டுப் போவான்? சின்னராசா வரட்டும்" என்கிறார். கொட்டகலையில் கடை வைத்திருக்கும் உங்கள் தம்பி வேட்டிகூட எடுத்துவிட்டாராம். நான் மாட்டேன் என்றேன். ஆனால் அம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, மாமா. நீங்கள் வாசலைத் தாண்டுவதற்கே அத்தையின் தோளைப் பிடிக்கிறீர்கள்.

கலியாணத்துக்கு நாள் இருக்கிறது. "வா" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன்.

கதை நன்றாக இருந்தது. சிறுத்தை, அட்டை, தேயிலை நிரைக்குள் நீங்கள் வந்தது எல்லாவற்றையும் ரசித்தேன். ஒன்றையும் நம்பவில்லை.

லோஜினி


நோர்வூட்
07.07.2024

என் தம்பிக்குப் பட்டம் சூட்டத் துணிந்த மருமகளுக்கு,

உன் கடிதத்தை அம்மையார் வாசித்தார். அவருக்கு எல்லாம் ஒரே குரல்தான். உன் அழுகையையும் மழைச் செய்தியையும் ஒரே மாதிரி வாசிக்கிறார். அதனால் பஸ்ஸில் முகம் துடைத்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சின்னராசாவா? இரண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கையிலேயே என் கலியாணத்தில் பாயாச அண்டாவுக்குள் கால் வைத்தவன் அவன். அன்று பாயாசம் குடித்தவர்களில் பாதிப்பேர் இன்னும் அவன் செருப்பளவைச் சரியாகச் சொல்வார்கள். அவன் உன் கையைப் பிடிப்பதா? இராயப்பன் என் பிரம்பை எடுத்தான், சின்னராசா என் மருமகளை எடுத்தான், இனி எவனாவது வந்து என் மீசையையும் கேட்கட்டும்.

நீ வரவேண்டாம். எனக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று கேட்டால் உனக்கே விளங்கும்.

அன்று காலையில், மெயின் ரோட்டுப் பஸ்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று மேற்பார்வை பார்க்கலாமென்று, கையில் செங்கோலோடு அரண்மனையை விட்டுப் புறப்பட்டேன். காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டியவன் நடை எப்படி இருக்கும்! இடது கால் முன்னே எழ, செங்கோல் வலப்பக்கம் பூமியை வணங்கியது. வலது கால் எழ, இடப்பக்கம் வணங்கியது. ரோட்டு மதகின் மேல் வந்ததும் அடியில் நிலம் வெறும் பானை போல் முழங்கியது. அங்கேதான் என் புகழ் எனக்கே இடைஞ்சல் ஆயிற்று. பின்னாலிருந்து ஆயிரம் பெண்கள், கூடையும் சலங்கையுமாக, என்னை ஊர்வலமாக அழைத்துப்போக வந்துவிட்டார்கள். மறுத்தால் மனம் நோகுமே என்று அவர்கள் காலடிச் சத்தத்தோடு நடந்தேன். நடந்து நின்ற இடம் பஸ் நிற்கும் இடமில்லை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களம்! கொழுந்தெடுக்கும் பெண்களோடு வரிசையில் நானும் நிற்கிறேன். கங்காணி கணேசமூர்த்தி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன் என் முன்னால் நின்றான்.

"என்னா மாயாண்டி அண்ணே, ஒங்களுக்கும் பேர் போடவா?"

"அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேராச்சும் போடுடா. இம்புட்டுத் தூரம் வந்துட்டேன்ல."

"கூடை எங்கண்ணே?"

"பின்னுக்கு யானையில வருது."

பெரட்டுக்களமே குலுங்கியது. தோட்டத்துத் துரையே பங்களாவிலிருந்து ஓடிவந்து, திரும்ப வேலைக்கு வரச்சொல்லி என் காலைப் பிடித்தார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். திரும்பும் வழியில் இராயப்பன் எதிரே வந்து திணறிக்கொண்டிருந்தான். பெருந்தன்மையோடு அவனை வீடுவரை கொண்டுபோய் விட்டேன்.

இப்படிப்பட்டவனுக்கா மணவறைப் படி?

மாமா


நுவரெலியா
21.07.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். துரையையும் யானையையும் கழித்துவிட்டு வாசித்தேன்.

இடது கால் முன்னே போகும்போது கம்பு வலப்பக்கம் தொடவேண்டும். வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்து கால் வைக்கப்போகும் இடத்தைக் கம்பு முன்கூட்டியே பார்த்துவிடும். இதைத் தானாக ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. எல்லாருக்கும் கால் போகும் பக்கமே கையும் போகும். மதகுக்கு மேலே சத்தம் மாறுவதும் கம்பு தட்டினவருக்குத்தான் தெரியும். அத்தையிடம் போனில் பேசினேன். "என்னோட மட்டக்கம்பக் காணோம் லோஜினி. செடி மேல போட்டு மட்டம் பாக்குற கம்பு. கங்காணி ஏசுறாரு" என்றார். செங்கோல் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் தனியாக நடக்கிறீர்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், கொஞ்ச நேரம். பிறகு, மாமா, எனக்குப் பொறாமை வந்தது. அந்தப் பக்கத்தில் பிரம்பு பிடிக்கத் தெரிந்த ஆள் இராயப்பன் மாமா ஒருவர்தான். நான் கொண்டுவந்தபோது கொடிக்கம்பு. அவர் சொல்லிக்கொடுத்தால் செங்கோல். அப்படித்தானே? என்னிடம் கற்றுக்கொள்வது அவ்வளவு கேவலமாகவா இருந்தது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஆசிரியராக ஒன்று சொல்கிறேன், இதையாவது கேளுங்கள். பலபேர் காலடி போகும் பக்கம் பின்னாலேயே போகக்கூடாது. அவர்கள் அவர்களுடைய இடத்துக்குத்தான் போவார்கள். ரோட்டைக் கடக்கிறபோது வாகனச் சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்சம் பொறுங்கள். நோர்வூட் வளைவில் திரும்பி வருவது கிட்டே வந்த பிறகுதான் கேட்கும். மட்டக்கம்பு வெள்ளையாக இல்லை. டிரைவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

நான் வந்து ஒருதடவை பார்க்கலாமா? அம்மா இன்னும் சின்னராசா மாமாவைத்தான் சொல்கிறார்.

லோஜினி


நோர்வூட்
11.08.2024

மருமகளுக்கு,

வராதே.

நீ வந்து பார்த்தால் நான் நடக்கமாட்டேன். பிறகு உன் அம்மாவும் சின்னராசாவும் ஜெயித்துவிடுவார்கள். கலியாணத்தன்றைக்குப் பார்.

யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன். வித்தை என் வயிற்றில் பிறக்கும்போதே இருந்தது; மருத்துவிச்சி முதலில் பிரம்பைத்தான் வெளியே எடுத்தாளாம்.

இராயப்பன் இப்போது என் சேவகன். நாங்கள் ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய்வருகிறோம். முன்னால் நடப்பது யார் என்று தினமும் சண்டை. அவன் லொறிக்காரன், ஒவ்வொரு வளைவையும் உடம்பால் தெரிந்து, "இப்ப நோர்வூட் பாலம்… இப்ப டிக்கோயா" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வருகிறான். நேற்று ஒரு சிங்கள ஐயா இடம் கொடுத்தார், அவனுக்கு. எனக்கில்லை. அவன் கையில் வெள்ளைப் பிரம்பு. என் கையில் இருப்பதைப் பார்த்து, நான் ஆடு மேய்க்கிறவன் என்று நினைத்திருப்பார். அந்த அவமானத்தில் ஹட்டன் மலைகள் எல்லாம் ஓர் அங்குலம் தாழ்ந்தன.

கம்பு வெள்ளையாக இல்லை என்றாயே. அதற்கும் ஏற்பாடு நடக்கிறது.

பட்டு வேட்டி எடுத்தவனிடம் சொல், அதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

மாமா


நுவரெலியா
17.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கலியாணம் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. அன்று நீங்கள் பார்க்காததை நான் எழுதுகிறேன். உங்களிடம் வேறு யார் வந்து சொன்னாலும் நீங்கள் அதைப் பத்து மடங்காக்கிவிடுவீர்கள்.

கொட்டகலை மண்டப வாசலில் அம்மா நின்றார். பக்கத்தில் சின்னராசா மாமா, பட்டு வேட்டியோடு. நான் உள்ளறை ஜன்னலில் இருந்தேன். கொட்டகலைச் சந்தியில் பஸ் நின்று, நீங்கள் இருவரும் இறங்கினீர்கள். இறங்கும்போதே சண்டை. "நான்தான்டா மொதல்ல எறங்குனேன்" என்று நீங்கள். "ஆமா, என் கால் மேலதான் எறங்குனே" என்று அவர். உங்கள் கையில் அந்தக் கம்பு, கோயிலுக்கு அடிக்கும் சுண்ணாம்பு அடித்து வெள்ளைவெளேரென்று.

அம்மா கைப்பிடிக்க ஓடினார். நீங்கள் கையை இழுத்துக்கொண்டு கேட்டீர்களாம்: "மேளக்காரங்களுக்கு மணவறை சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமாக்கா? அத மட்டும் சொல்லு." அம்மா சொன்னார். மேளச் சத்தத்தை வைத்தே நீங்கள் வழி பிடிக்கப்போகிறீர்கள் என்று விளங்கியதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சின்னராசா மாமா தானாகவே வாசலை விட்டு ஒதுங்கினார்.

நீங்கள் அறைக்கு வந்து, "கையக் குடு" என்றீர்கள். நான் பழக்கதோஷத்தில் முழங்கையை நீட்டினேன். மாணவர்களுக்கு அப்படித்தானே நீட்டுவேன். "அது ஒன் பாடத்துக்கு. இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று என் உள்ளங்கையைப் பிடித்தீர்கள்.

மாமா, எனக்கு அந்தப் படி தெரியவில்லை. குனிந்த தலை, கழுத்து நிறைய மாலை, கண் நிறையத் தண்ணீர். உங்கள் கம்பு தட்டி நின்றது. "படி. பாத்து ஏறு" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. உங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

கூறைச் சேலைக் கரையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. அம்மா கழுவச் சொன்னார். நான் கழுவவில்லை.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. நீங்கள் இருவரும் பந்திக்கு நடந்து போனபோது பின்னாலிருந்து பார்த்தேன். இராயப்பன் மாமா இன்றைக்கும் கால் போகும் பக்கமே பிரம்பைப் போடுகிறார். எத்தனை தடவை திருத்தியும் வரவில்லை. உங்களுக்கு ஓர் அடிகூடப் பிசகவில்லை. தெரியாததை அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்? அவரிடமே கேட்டேன். "மாதா சத்தியமா நான் இல்ல புள்ள. பெரட்டுல நின்னவனக் கூட்டியாந்து வீட்ட விட்டேன், அம்புட்டுதான். அதுக்கு முன்னமே அவன் நடந்துக்கிட்டுத்தான் இருந்தான்" என்றார்.

வாழ்நாளில் ஒருதடவை, மாமா. கதை வேண்டாம். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

உங்கள்
லோஜினி


நோர்வூட்
22.09.2024

என் மருமகளுக்கு,

கதை வேண்டாம் என்று என்னிடம் கேட்பது, மழை வேண்டாம் என்று நோர்வூட்டிடம் கேட்பது போல. இருந்தாலும் கலியாணப் பெண் கேட்டுவிட்டாய்.

துரை என் காலைப் பிடிக்கவில்லை. பெரட்டுக்களத்தில் நின்றது நான் வழி தவறி. ஆயிரம் பெண்கள் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். அதில் உன் அத்தை அழகம்மாவும் ஒருத்தி. என் கையிலிருந்த மட்டக்கம்பை அன்றைக்கே பார்த்துவிட்டாள். உன்னிடம் காணோம் என்று சொன்னது சும்மா. உன்னை உசுப்பிவிடத்தான். இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் இறுமாந்திருந்தேன். அதிலும் எனக்கு இப்போது போட்டி.

இராயப்பனை நான் வீட்டில் விடவில்லை. அவன்தான் என்னை விட்டான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இதை அவனிடம் சொல்லாதே, ஏற்கெனவே தாங்க முடியவில்லை. இனிமேல் அவனைப் பெரியப்பா என்று கூப்பிடு. மாமா என்றால் ஒருவன்தான்.

அட்டைகள் கவி பாடவில்லை. நான் கானைப் பாயவும் இல்லை, விழுந்தேன். சிறுத்தையும் பொய் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லையே.

ஆனால் அந்த முதல் கடிதத்தில், நீ ஒன்றையும் நம்பவில்லை என்றாயே, அதில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. ரோட்டுக்கு மேலே, தேயிலை நிரைக்குள்ளே, செடித் தலைகளைத் தடவிக்கொண்டு, நீ அவனுக்குப் பாடம் எடுத்த நாளெல்லாம் பின்னாலேயே வந்தேன் என்று எழுதினேன். என் பிரம்பு தட்டுகிற சத்தம், அவன் கையிலிருந்து. உன் குரல், அவனைப் பார்த்து. "இடது கால், வலது பக்கம்" என்று நீ சொல்லும்போதெல்லாம், கையில் ஒன்றும் இல்லாமல் நானும் போட்டுப் பார்த்தேன். அவன் பிழை விடும்போது எனக்குச் சிரிப்பு. நீ பொறுமையாகத் திரும்பச் சொல்லும்போது எனக்கு நெஞ்செல்லாம் எரிச்சல். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாயே என்று கேட்பாய். சாரம் காயப்போட்டவன் எந்த முகத்தோடு கூப்பிடுவான்?

ஒருநாள் மதகில் உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் தலைக்கு மேலேதான், ஒரு செடி தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இராயப்பன், "நான் கெட்டிக்காரன்தானே புள்ள?" என்று கேட்டான். நீ சொன்னாய்: "எங்க மாமா பழகுனா ஒங்களவிட நல்லா நடப்பாரு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் மட்டக்கம்பைத் திருடினேன்.

அது மட்டும் உண்மை.

மாமா